முதல் மாத்திரைக்கு முன் எத்தனை மாதங்கள்?

மாணவர்களின் மனநலம் பற்றித் தமிழ்நாட்டில் இப்போது நிறையப் பேசுகிறோம். தேர்வு பயம், மனச்சோர்வு, கைபேசி மோகம் எல்லாம் மேடைக்கு வந்துவிட்டன. அதே வயதில், அதே வகுப்பறைகளில் தொடங்கும் மனச்சிதைவு நோய் மட்டும் இந்தப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை. மே 24 உலக மனச்சிதைவு விழிப்புணர்வு நாள் என்பது பலருக்குத் தெரியாது. நோய் எந்த வயதில் வந்தது, வந்தபின் சிகிச்சை தொடங்க எவ்வளவு காலம் ஆனது என்ற இரண்டும் அந்தப் பிள்ளையின் அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் ஆழமாகத் தடம் பதிக்கின்றன. முதலாவது பெரும்பாலும் நம் கையில் இல்லை. இரண்டாவது முழுக்க நம் கையில் இருக்கிறது. அதில்தான் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே கணக்கைத் தமிழ்நாட்டுக்குப் போட்டால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். பெரும்பாலோருக்குப் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. ஆண்களுக்குச் சற்று முன்னதாகவும், பெண்களுக்குச் சில ஆண்டுகள் கழித்தும் வரும். பதின்மூன்று வயதுக்கு முன் வருவது மிக அரிது.

வீட்டுக்குள் எப்படித் தொடங்குகிறது?

சிலருக்கு இது திடீரென்று, சில நாட்களில் வெடித்துக் கிளம்பும். பலருக்கு மெல்ல மெல்லத்தான் வரும். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பையன், கல்லூரி இரண்டாம் ஆண்டில் அரியர் வைக்கத் தொடங்குவான். நண்பர்கள் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டான். குளிப்பது குறையும். ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குவான். “பரீட்சை டென்ஷன்” என்பார் அப்பா. “ஏதோ பொண்ணு விஷயம்” என்பார் சித்தப்பா. “எல்லாம் இந்த போனால வந்தது” என்று அம்மா அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவார்.

சில மாதங்கள் கழித்து அவன் அறை ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருக்கும். எதிர்வீட்டிலிருந்து தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்பான். டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பான். தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல், “என்னமோ கலந்திருக்கே, நீ முதல்ல சாப்பிடும்மா” என்பான். ஆள் இல்லாத அறையில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அவனுக்கு அந்தக் குரல், நாம் பேசுவது கேட்பதைப் போலவே தெளிவாகக் கேட்கிறது. அதனால்தான் “அதெல்லாம் பிரமைடா” என்று வாதாடும்போது அவன் நம்மைவிட்டு இன்னும் விலகிப் போகிறான்.

எந்த ஊரானாலும் கதை கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் நகர்கிறது. குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் போன்ற தெளிவான அறிகுறி தோன்றிய நாளிலிருந்து முறையான சிகிச்சை தொடங்கும் நாள்வரை ஓடும் காலத்தை உலகெங்கும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 21 மாநிலங்களில் 34 சிகிச்சை மையங்களுக்கு வந்தவர்களிடம் நடந்த ஆய்வில், சரிபாதிப் பேர் 74 வாரங்களுக்கும் மேலாகச் சிகிச்சையில்லாமல் இருந்தது தெரியவந்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு! அந்த 74 வாரத்துக்குள் வந்தவர்களுக்கே அந்த ஆய்வில் சோதித்த சிகிச்சைத் திட்டத்தின் பலன் அதிகமாகக் கிடைத்தது.

இந்தியாவின் நிலை இன்னும் மோசம். 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, தீவிர மனநோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்குச் சிகிச்சை பெறாமலேயே இருந்தார்கள்.

சின்ன வயது ஏன் பெரிய இழப்பாகிறது?

நோய் சிறு வயதில் வந்தவர்கள், பின்னாளில் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது அதிகம். வேலையில் நிலைப்பது குறைவு. மீண்டும் மீண்டும் நோய் திரும்புவதும் கூடுதல். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த வேறுபாடு மிகப் பெரியது என்று சொல்ல முடியாது. ஆனால், மறுபடி மறுபடி ஒரே திசையில் வருகிறது. எனவே பதினாறு வயதில் நோய் வந்த மகனைப் பார்த்து ‘இவன் கதை அவ்வளவுதான்’ என்று எந்தப் பெற்றோரும் முடிவுகட்டத் தேவையில்லை. அவனுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவே.

காரணம் மூளைக்குள் மட்டும் இல்லை. முப்பது வயதில் நோய் வந்தவரிடம் ஒரு பட்டம் இருக்கும். பழகிய தொழில் இருக்கும். மனைவியோ கணவனோ இருக்கலாம். ஆபீஸில் நாலு பேர் விசாரிப்பார்கள். குணமாகும்போது திரும்பிப்போக ஓர் இடம் இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் இனிமேல்தான் உருவாக வேண்டும். படிப்பு பாதியில் நிற்கிறது. தொழில் கற்கும் வயது வீட்டு மூலையில் கழிகிறது. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய், திருமணம் செய்து, வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். குரல்கள் அடங்கிய பிறகு அவன் கண் திறந்து பார்க்கும்போது, திரும்பிப்போக எந்த இடமும் இல்லை.

குரல் கேட்பதும் சந்தேகமும் பெரும்பாலும் மாத்திரைக்குக் கட்டுப்படும். எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்தே இருப்பது, பேச்சு குறைந்துபோவது, முகத்தில் சிரிப்போ கோபமோ இல்லாமல் போவது ஆகியவை அவ்வளவு எளிதாகக் கட்டுப்படுவதில்லை. இவற்றை வீட்டில் ‘சோம்பேறித்தனம்’ என்று திட்டுகிறோம். இந்த அறிகுறிகள்தான் வேலையையும் நட்பையும் அதிகம் தடுக்கின்றன. சிறு வயதில் நோய் வந்தவர்களிடம் இவை கூடுதலாகக் காணப்படுகின்றன.

வயது விஷயத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கஞ்சா. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு நோய் சராசரியாக 2.7 ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கியிருக்கிறது. இருபது வயதில் இரண்டே முக்கால் ஆண்டு என்பது ஒரு பட்டப்படிப்பு. கல்லூரிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறோமே, அங்கே இந்த ஒரு தகவலைச் சொன்னால் போதும், மாணவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

ஒரு நார்வே மாவட்டம் செய்து காட்டியது

தாமதத்தைக் குறைத்தால் உண்மையிலேயே பலன் கிடைக்குமா? இதில் நியாயமான ஒரு சந்தேகம் உண்டு. மெல்ல மெல்ல வரும் நோய் இயல்பிலேயே கடுமையானது. அதை வீட்டார் கண்டுபிடிக்கவும் நாளாகும். அப்படியானால் தாமதம் வெறும் அடையாளம்தானோ, காரணம் இல்லையோ என்று சில ஆய்வாளர்கள் கேட்கிறார்கள்.

நார்வேயின் ரோகலாண்ட் மாவட்டத்தில் 1997இல் தொடங்கிய முயற்சி இதற்கு ஓரளவு விடை சொல்கிறது. நோயின் தொடக்க அறிகுறிகளைச் செய்தித்தாள், வானொலி, திரையரங்கு விளம்பரங்களில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆசிரியர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் நேரடியாக அழைக்கலாம். அழைத்தால் விரைந்து வந்து பார்க்க ஒரு குழு காத்திருக்கும். இதற்கு முன் அங்கே சிகிச்சையில்லாமல் கழிந்த காலத்தின் நடு அளவு 26 வாரம். அது 5 வாரமாக இறங்கியது.

ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட ஆஸ்லோவிலும் டென்மார்க்கின் ராஸ்கில்டவிலும் இந்தப் பிரசாரம் இல்லை. சிகிச்சை மட்டும் ஏறக்குறைய அதேதான். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். ரோகலாண்டில் நூற்றில் 31 பேர் முழுமையாக மீண்டு, தம் வாழ்க்கையைத் தாமே நடத்திக்கொண்டிருந்தார்கள். மற்ற இடங்களில் 15 பேர். ஒப்பிட்டது முழு வட்டாரங்களை என்பதால், தாமதத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்வது கடினமாகிறது.

இந்த ஆய்வில் என்னை அதிகம் பாதித்தது வேறொரு செய்தி. 2000ஆம் ஆண்டு முடிவில் விளம்பரப் பிரசாரத்தை நிறுத்தினார்கள். மருத்துவக் குழு அப்படியே இருந்தது, மருத்துவமனையும் இருந்தது. ஆனாலும் 5 வாரமாக இருந்த தாமதம் 15 வாரமாக ஏறிவிட்டது. கட்டடமும் மருத்துவரும் இருந்தால் மட்டும் போதாது. ஊர் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் பேரணி நடத்திப் பதாகையைச் சுருட்டி வைக்கும் நமக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

சென்னையின் தொண்ணூறு பேர்

இந்த விஷயத்தில் உலகம் மதிக்கும் ஆய்வு ஒன்று நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. 1981இல் சென்னை மருத்துவக் கல்லூரியில், மனச்சிதைவு முதன்முதலாக வந்த 90 பேரைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடரத் தொடங்கினார்கள். டாக்டர் எம்.சாரதா மேனன் 1984இல் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, டாக்டர் ஆர்.தாராவின் முயற்சியில், பல பத்தாண்டுகள் அந்த வேலையை விடாமல் தொடர்ந்தது. பத்து ஆண்டு முடிவில், இடைவிடாமல் நோயிலேயே இருந்தவர்கள் மிகச் சிலர். பலர் வேலைக்குப் போனார்கள், திருமணம் செய்துகொண்டார்கள். ‘இந்த நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது’ என்ற நம்பிக்கையை இந்தச் சென்னைக்காரர்களே பொய்யாக்கினார்கள்.

பின்னாளில் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தையும் சென்னையையும் ஒப்பிட்டு இன்னோர் ஆய்வு நடந்தது. இரு நகரங்களிலும் ஒரே முறையில் தொடக்கச் சிகிச்சை. இரண்டு ஆண்டுகளில், நாட்டமின்மை போன்ற அந்தப் பிடிவாதமான அறிகுறிகள் சென்னையில் நன்றாகக் குறைந்தன. சென்னையில் குடும்பங்கள் சிகிச்சையில் அதிகம் பங்கெடுத்தன. மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும், மருத்துவரைப் பார்க்கக் கூடவே வருவதும், “சாயந்தரம் கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வாப்பா” என்று சின்னச் சின்ன வேலை கொடுப்பதும் இங்கே அம்மாவோ அண்ணனோதான்.

இதே குடும்பம்தான் முதல் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும். மருத்துவமனை வாசலைத் தாண்டிவிட்டால் நம் குடும்பங்களைப் போல் துணை நிற்பவர்கள் இல்லை. அந்த வாசலுக்கு வருவதற்குத்தான் மாதங்களும் வருடங்களும் ஆகின்றன. அதற்கு அவர்களைக் குற்றம் சொல்வது முறையில்லை. அறிகுறி இது, போகவேண்டிய இடம் இது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கால்கட்டு சிகிச்சை ஆகாது

தாமதத்துக்கு இரண்டு பழக்கங்கள் பெரும் காரணம். ஒன்று, காத்து கருப்பு, செய்வினை என்று ஆரம்பித்து மந்திரித்துக்கொண்டே இருப்பது. கடவுள் நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் போகும் தாயின் கண்ணீர் உண்மையானது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்ததை இந்த மாநிலம் மறக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. கோயிலுக்கும் தர்காவுக்கும் போகட்டும்; அதே வாரத்தில் மருத்துவரிடமும் போகட்டும். வழிபாட்டுத் தலத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவர் உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடு ஏர்வாடியிலும் தொடங்கப்பட்டது. அது எல்லா இடத்துக்கும் பரவ வேண்டும்.

இரண்டாவது பழக்கம் இன்னும் கொடுமையானது. “ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்.” நோயை மறைத்துத் திருமணம் செய்துவைக்கிறார்கள். பெண்ணாக இருந்தால், புகுந்த வீட்டில் தெரிந்துவிடுமோ என்று மாத்திரை தாலிகட்டிய வாரமே நின்றுவிடும். தூக்கம் கெடும். பிரசவத்துக்குப் பிறகு நோய் முழு வேகத்தில் திரும்பும். “ஏமாத்திட்டாங்க” என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சில நேரம் கைக்குழந்தையோடு. இப்படிக் கணவரைப் பிரிந்த பெண்களைப் பற்றிச் சென்னையில் ஸ்கார்ஃப் ஆய்வு செய்திருக்கிறது. அவர்களைத் தாங்கியவர்கள் வயதான பெற்றோர். ‘எங்களுக்கு அப்புறம் இவளை யார் பார்ப்பார்கள்?’ என்பதே அந்தப் பெற்றோரின் தீராத கவலை.

நோய் கட்டுக்குள் இருப்பவர் திருமணம் செய்துகொள்ளலாம், வாழலாம், பிள்ளை பெறலாம். மறைக்காமல் சொல்லி, மருத்துவரைக் கேட்டு, மாத்திரையை விடாமல் செய்யவேண்டும்.

மாத்திரையை விடுவது பற்றி இன்னும் ஒரு வார்த்தை. முதல்முறை நோய் வந்து தேறிய பிறகு “நல்லாயிட்டான், இனி எதுக்கு?” என்று நிறுத்துவதுதான் வழக்கம். நியூயார்க்கில் அப்படித் தேறியவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. எடை கூடுவது, கை நடுக்கம், பகல் தூக்கம், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது என்று பக்கவிளைவுகள் உண்டு. இவற்றை மருத்துவர் முன்கூட்டியே சொன்னால், மருந்தையோ அளவையோ மாற்றித் தரும்படி கேட்க நோயாளிக்குத் தைரியம் வரும். சொல்லாவிட்டால் அவர் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார். தினமும் விழுங்க முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. இரண்டு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தும் கட்டுப்படாத நோய்க்கு, முறையாக ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு தரும் குளோசபின் என்ற மருந்து பல சமயம் கைகொடுக்கிறது.

செய்ய வேண்டியவை

அரசு முதலில் செய்யவேண்டியது பிரசாரம். ‘மனநலம் பேணுவோம்’ போன்ற பொதுவான வாசகம் எதற்கும் உதவாது. ‘உங்கள் பிள்ளைக்கு யாரும் பேசாத குரல் கேட்கிறதா? எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகச் சொல்கிறானா? இரண்டு வாரம் தாண்டிவிட்டதா?’ என்று நேராகக் கேட்கவேண்டும். பேருந்தின் பின்புறத்திலும், ரேஷன் கடைச் சுவரிலும், சினிமா இடைவேளையிலும் அது ஆண்டு முழுக்க இருக்கவேண்டும்.

அடுத்து, பள்ளியும் கல்லூரியும். மார்க் சரிவதையும் வராமல் நிற்பதையும் முதலில் பார்ப்பவர் வகுப்பாசிரியர். ஒரு நாள் பயிற்சி அவருக்குப் போதும். நோயைக் கண்டறிவது அவர் வேலை இல்லை, பெற்றோரைக் கூப்பிட்டு மருத்துவரிடம் போகச் சொன்னால் சரி. சிகிச்சைக்காக விட்ட நாட்களுக்கு அட்டெண்டன்ஸில் விலக்கு தந்து, படிப்பை ஓராண்டு நிறுத்திவைத்து, அதே இடத்தில் திரும்பச் சேர பல்கலைக்கழகங்கள் விதி செய்யவேண்டும். டெங்கு வந்தவனுக்குக் கிடைக்கும் மரியாதை இவனுக்கும் கிடைக்கட்டும். மேலே சொன்ன ‘திரும்பிப்போக ஓர் இடம்’ இப்படித்தான் உருவாகும்.

மாவட்டத் தலைநகர் அரசு மருத்துவமனைகளில் இளைஞர்களுக்கென வாரம் ஒரு மதியம் தனி வெளிநோயாளர் பிரிவு நடத்தலாம். பல ஆண்டு நோயாளிகளோடு ஒரே வரிசையில் நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை அடுத்தமுறை வரவே மாட்டான். மருத்துவர் மாறிக்கொண்டே இருக்கக் கூடாது. டென்மார்க்கில் முதல் இரண்டு ஆண்டுகள் தீவிரமாகக் கவனித்து, பிறகு சாதாரணச் சிகிச்சைக்கு அனுப்பியபோது, ஐந்தாம் ஆண்டில் பெரும்பாலான நன்மைகள் கரைந்துவிட்டன. எனவே தீவிரக் கவனிப்பை மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

மருந்து வீட்டுக்கு அருகில் கிடைக்கவேண்டும். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டு இரண்டு பஸ் மாறி வருகிற அம்மா எத்தனை மாதம் வருவார்? சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடக்கிறது. அதே பையில் இந்த மாத்திரையும் எல்லா ஊருக்கும் போகட்டும். மருத்துவர் இல்லாத ஊர்களுக்கும் வழி உண்டு. புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் ஸ்கார்ஃப் 2010இல் ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கியது. அதன் உள்ளே அமர்ந்து திரை வழியாகச் சென்னை மருத்துவரிடம் பேசிவிட்டு, அதே பேருந்தில் மருந்தும் வாங்கிக்கொண்டு இறங்கலாம்.

குடும்பத்தினரிடம் கேட்பது இதுதான். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அவன் சொல்வது பொய் என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். “ராத்திரி தூக்கமே இல்லை, கஷ்டமா இருக்குல்ல, டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்” என்று தூக்கத்தைச் சொல்லியே கூப்பிடுங்கள். வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் மருத்துவரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். இந்த நோயில் தற்கொலை அபாயம் முதல் சில ஆண்டுகளில்தான் மிக அதிகம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சிகிச்சையும் மருந்தும் இலவசம். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால், இரவோ பகலோ, 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். இந்த வாரமே அழையுங்கள்.